'ப' வடிவில் உட்கார்ந்தால் போதுமா? பிள்ளைகள் கூடிப் படிப்பதில் என்ன லாபம், எங்கே சிக்கல்?

2025 ஜூலையில் நம் வாட்ஸ்அப் குரூப்களில் வகுப்பறைப் படங்களாகச் சுற்றிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? பெஞ்சுகளை வரிசையாகப் போடாமல் சுவரோரமாக 'ப' எழுத்து மாதிரி போட்டிருந்தார்கள். 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படத்தில் கடைசி பெஞ்சே இல்லாத வகுப்பைக் காட்ட, கேரளாவில் சில பள்ளிகள் அதைச் செய்துபார்த்தன. பின்னாலேயே தமிழ்நாட்டிலும் பள்ளிக்கல்வித் துறையின் சுற்றறிக்கை வந்தது. வந்த வேகத்தில் சர்ச்சையும் வந்தது. ஓரத்தில் உட்காரும் பிள்ளை நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே போர்டைப் பார்க்க வேண்டுமே என்று கேட்டார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் 'ப' போட இடம் எங்கே என்றார்கள். கடைசியில் அது நிறுத்திவைக்கப்பட்டது.

கழுத்துவலி நியாயமான கவலைதான். ஆனால், அந்தக் கூச்சலில் முக்கியமான கேள்வி ஒன்று காணாமல்போய்விட்டது. பெஞ்சைத் திருப்பிப் போடுவது பத்து நிமிட வேலை. பிள்ளைகள் முகம் பார்த்து உட்கார்ந்தாயிற்று, சரி. அதற்கப்புறம் அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

உலகத்துக்கே மெட்ராஸ் சொல்லிக்கொடுத்த பாடம்

பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஏதோ வெளிநாட்டு ஐடியா என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இங்கிருந்து ஏற்றுமதியான சரக்கு.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் மெட்ராஸுக்கு வந்தார். 1789-ல் எழும்பூரில் ராணுவ வீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒருநாள், நம் ஊர் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். அட, இது நன்றாக இருக்கிறதே என்று தன் பள்ளி ஆசிரியரிடம் சொல்ல, அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெல் அவரோடு மல்லுக்கட்டவில்லை. பள்ளியிலிருந்த ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். பெரிய வாத்தியாரால் முடியாததைப் பையன் முடித்துக்காட்டினான்.

நம் திண்ணைப் பள்ளிகளில் இது புதிதே அல்ல. சட்டாம்பிள்ளை என்ற சொல்லை இன்றும் கிண்டலாகப் பயன்படுத்துகிறோமே, வாத்தியாருக்கு அடுத்தபடியாகச் சின்னப் பிள்ளைகளை மேய்த்த மூத்த மாணவன்தான் அந்தச் சட்டாம்பிள்ளை. பெல் ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் தன் அனுபவத்தைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பிரிட்டன் முழுக்கப் பரவி, கடல் தாண்டியும் போனது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் உருவான பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

கேட்க பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால், அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முக்கியமான காரணம், செலவு குறைவு. ஒரே ஒரு ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். ஆசிரியரின் வேலையைச் சின்னப் பிள்ளைகளின் தலையில் கட்டினால் என்ன ஆகும்? சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைகள்தான் கிடைத்தார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனே அதை மெல்லக் கைவிட்டுவிட்டது.

பாயில் உட்கார்ந்த டீச்சர்

இரு நூற்றாண்டு கழித்து அதே சென்னை இன்னொரு முறை முயன்றது. இந்த முறை விஷயம் கொஞ்சம் வேறு.

2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முன்பு வேலூர் கலெக்டராக இருந்தபோதே குழந்தைத் தொழிலாளர்களை மீட்டு, படிக்கவைப்பதில் இறங்கியவர். ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி பள்ளி, கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறையை அடிப்படையாக வைத்து, முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. 2007-ல் மாநிலம் முழுக்க உள்ள அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அம்பத்தூர் அப்போது தனி நகராட்சி, திருவள்ளூர் மாவட்டம். அதனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பிள்ளைகளுக்கு அட்டைகள் வந்துசேர்ந்தது இந்த இரண்டாவது சுற்றில்தான்.

அந்த அட்டைப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அப்போது இரண்டாம் வகுப்பு. திடீரென்று ஒருநாள் பெஞ்சுகள் காணாமல்போய், பாய் விரித்திருந்தார்கள். எங்கள் உயரத்துக்குச் சுவரோரம் தாழ்வான கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். நாங்கள் வரைந்ததையெல்லாம் மாட்டித் தொங்கவிட, தலைக்கு மேலே கம்பிப் பந்தல். சுவரில் ஏணிப்படி மாதிரி ஒரு பெரிய படம்; நாம் எந்தப் படியில் நிற்கிறோமோ அந்த அட்டையைத் தட்டிலிருந்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிட ஆச்சர்யம், டீச்சர் எங்களோடு தரையில் உட்கார்ந்தது. கால் மரத்துப்போய் அவர் எழுந்திருக்கச் சிரமப்பட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மாற்றத்தில் ஆசிரியர்களின் முழங்கால் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை!

இதில் கவனிக்க வேண்டியது குழு பிரித்த விதம். ஆசிரியர் முழுக்க உடனிருக்க வேண்டிய குழு, ஆசிரியர் அவ்வப்போது எட்டிப்பார்த்தால் போதும் என்ற குழு, சக மாணவர் உதவியோடு படிக்கும் குழு, தனியாகவே செய்துகொள்ளும் குழு என்று வகை வகையாக இருந்தன. எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதை அன்று எடுக்கும் அட்டைதான் முடிவுசெய்யும், மார்க் அல்ல. காலையில் உதவி கேட்டவள் மதியம் உதவி செய்வாள். பெல்லின் முறையில் ஆசிரியருக்குப் பதிலாகப் பையன் வந்தான். இங்கே ஆசிரியர் எங்கேயும் போகவில்லை. யார் பக்கத்தில் எப்போது இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வேலையாகிப்போனது.

பிறகு ஏன் அது அப்படியே நிலைக்கவில்லை? அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. சமச்சீர்க் கல்வி வந்து பாடப்புத்தகம் மாறியது. 2012-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. புத்தகம் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் என்று இழுத்ததில் ஆசிரியர்கள் களைத்துப்போனார்கள். முறை எளிமையாக்கப்பட்டது, பிறகு பெயர்களும் மாறின.

'என் பொண்ணு ஏன் அவனுக்குச் சொல்லித்தரணும்?'

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் நேரம் வீணாகிறது என்பது பெற்றோரின் கவலை. ஒரு சின்னக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். 2-லிருந்து 7 போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. 5 என்பது 4 ஆகிறது, 2 என்பது 12 ஆகிறது. விடை 25. கெட்டிக்காரப் பிள்ளைக்கு இது தலைகீழ்ப் பாடம். அவள் இதைப் பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லும்போது அவன் கேட்கிறான்: "ஒண்ணுதானே கடன் வாங்குன, இங்க எப்படி பத்து கூடுச்சு?"

அந்த இடத்தில் அவள் திகைக்கிறாள். நூற்றுக்கு நூறு வாங்கியவள்தான், ஆனால் அந்த 5 என்பது ஐந்து பத்துகள் என்பதை அதுவரை யோசித்ததே இல்லை. பத்துப் பத்தாகத் தீக்குச்சிகளைக் கட்டிவைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால்தான் அவனுக்குப் புரியும். அதைவிட முக்கியம், அவளுக்கும் அப்போதுதான் புரிகிறது. சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கு நேரம் வீண் என்பதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

ஆனால், இன்னொன்றும் நடக்கலாம். பதில் தெரியாத அவள், "அது அப்படித்தான், எழுதிக்கோ" என்று சொல்லிவிடலாம். டீச்சர் பரீட்சைத் தாளை மூட்டைகட்டிக்கொண்டோ, இணையத்தில் புள்ளிவிவரம் ஏற்றிக்கொண்டோ இருந்தால் அந்த 'அப்படித்தான்' இரண்டு பேர் மண்டையிலும் உட்கார்ந்துவிடும். குழுவாகப் படிக்கவிட்டால் டீச்சருக்கு ஓய்வு என்பது தப்புக்கணக்கு. எங்கே திகைக்கிறார்கள் என்று பத்து இடத்தில் காது வைக்க வேண்டும். போர்டில் எழுதிப்போட்டுப் படிக்கவைப்பதைவிட அது இரட்டிப்பு வேலை. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் அதை எதிர்பார்ப்பதும் அநியாயம். போதாதற்கு வகுப்பில் சத்தம் கேட்டால், 'அங்கே என்ன சந்தைக்கடை?' என்று எட்டிப்பார்க்கும் தலைமையாசிரியர்கள் வேறு.

நான்கு ஏரி, நான்கு பேர்

குரூப் பிராஜெக்ட் என்றாலே வீட்டில் நடப்பது என்ன? ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். அம்மா சார்ட் ஒட்டுவார். மறுநாள் நான்கு பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்கும். குழுவில் ஒருவர் உழைக்க, மற்றவர்கள் பெயர் மட்டும் கொடுப்பது கூடிப் படிப்பதல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். பல குழுக்களில் அழகாக எழுதுவதும் வண்ணம் தீட்டுவதும் பெண் பிள்ளைகள், எழுந்து நின்று விளக்குவது பையன்கள்.

இதற்கு ஒரு வழி அமெரிக்காவில் பிறந்தது. 1971-ல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் கறுப்பின, வெள்ளையின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது, வகுப்பறைகளில் அடிதடி. எலியட் ஆரோன்சன் என்ற உளவியலாளர் ஒரு யோசனை சொன்னார். பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள். என்னிடம் இருப்பது உன்னிடம் இல்லை, எனவே நீ சொல்வதை நான் கேட்டே ஆக வேண்டும். பரீட்சை மட்டும் தனித்தனியாக, முழுப்பாடத்திலும். ஜிக்சா முறை என்பது இதுதான்.

நம் பக்கத்துப் பாடமாகவே வைத்துக்கொள்வோம். 'சென்னைக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது?' ஒருத்திக்குப் பூண்டி: 1944-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம், ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நீர் வந்துசேரும் இடம். இன்னொருவனுக்குச் செம்பரம்பாக்கம்: உபரி நீரைத் திறந்தால் அது அடையாற்றில் போகும். மூன்றாவது பிள்ளைக்குப் புழல், நான்காவது பிள்ளைக்குச் சோழவரம். நான்கு பேரும் பேசினால்தான் படம் முழுமையாகும். எப்போதும் வாயே திறக்காத பிள்ளைகூடப் பேசியாக வேண்டும், ஏனென்றால் புழல் அவளிடம்தான் இருக்கிறது.

ஆரோன்சனின் கவலை நமக்கும் அந்நியமானதல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் உடன் படித்தவர்களாலேயே சாதி வெறியில் வெட்டப்பட்டான். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்கவும் பரிந்துரைத்தது. யார் பக்கத்தில் யார் என்பது நம் ஊரில் அவ்வளவு பெரிய விஷயம். பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று குழு பிரிப்பதைப் பிள்ளைகளிடமே விட்டால், வெளியே தெரு எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியேதான் உள்ளேயும் பிரிவார்கள்.

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனா இடைவெளியை நிரப்ப வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட வேண்டும். இலக்கு ஆண்டு 2025. இதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். அரும்பில் இருப்பவளுக்கு அரும்புக்கான பாடம். எழுத்தே தெரியாத பிள்ளைமேல் மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் திணிக்காமல் இருப்பது பெரிய விஷயம்.

எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும், எது மக்கு குரூப் என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அரும்புகள் அரும்புகளோடு மட்டுமே உட்கார்ந்தால் அந்தக் கடன் வாங்கும் கேள்வியை யார் யாரிடம் கேட்பது? நாளின் ஒரு பகுதிக்காவது மூன்று நிலைகளும் கலந்து உட்கார வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி பக்கம் இதற்கு இன்னொரு அவசரமும் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் சுற்றியுள்ள கம்பெனிகளிலும் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்கள், ஆவடியின் படைத்தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப் குடியிருப்புகள், திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வரும் தொழிலாளர்கள். இவர்களின் பிள்ளைகள் தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல் வகுப்புக்குள் வருகிறார்கள். பெரும்பாலான டீச்சர்களுக்கு ஒடியா தெரியாது. பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் தெரியாது. ஆனால், அந்தப் பிள்ளை விரல் நீட்டி 'இது பென்சில்' என்று சொல்லும், தப்பாகச் சொன்னால் சிரிக்கும், மறுபடி சொல்லும். டீச்சர் செய்ய வேண்டியது, அந்தப் புதுப் பிள்ளையை ஒதுக்கி ஓரத்தில் உட்காரவைக்காமல், வகுப்பிலேயே அதிகம் வாயாடும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது.