உறைகுளிரில் ஓட என்ன உடுத்தலாம்?

டொராண்டோவில் இதுதான் உங்களுக்கு முதல் குளிர்காலமா? ஊரில் விடியற்காலையில் ஓடிப் பழகியவர் என்றால், நவம்பர் பிறந்ததுமே ஒரு சந்தேகம் வந்துவிடும்: இந்தக் குளிரில் வெளியே ஓட முடியுமா? முடியும். ஸ்கார்பரோ தெருக்களிலும் ஏரிக்கரை ஓரத்திலும் ஜனவரியிலும் ஆட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விஷயம் உடுப்பில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் குளிருக்குப் பயந்து இருப்பதையெல்லாம் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். பாதி வழியில் நடுங்கிப்போய்த் திரும்புகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

நிறையப் போட்டால் எப்படிக் குளிரும்? ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. பத்து நிமிடத்தில் உடம்பு சூடேறிவிடும். தடித்த ஜாக்கெட்டுக்குள் அந்தச் சூடு போக வழி தெரியாமல் வியர்வையாகும். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. ஈரத்துணி முதுகில் ஒட்டியிருந்தாலும் ஓடும்வரை உங்களுக்குத் தெரியாது. சிக்னலில் சிவப்பு விழுந்து ஒரு நிமிடம் நின்றால் போதும், தோள்பட்டைகளுக்கு நடுவே சில்லென்று இறங்கும்.

எவ்வளவுதான் போடுவது? ஓட்டக்காரர்கள் கைக்கொள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. போனில் காட்டும் வெப்பநிலையோடு 10 டிகிரியைக் கூட்டிக்கொண்டு, அந்தக் குளிரில் சும்மா நடக்கப் போவதாக நினைத்து உடுத்துங்கள். -5 என்று காட்டினால் 5 டிகிரிக்கு உரிய உடுப்பு. வாசலில் இறங்கியதும் கொஞ்சம் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் ஒன்றைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

பருத்தி பனியன் உள்ளே போடலாமா? வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்ச ஒன்றுமில்லை. இங்கே அந்தக் குணமே பகையாகிவிடுகிறது. அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. பருத்தி ஹூடி, ஜீன்ஸ் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். உடம்பை ஒட்டிப் போடும் துணி பாலியெஸ்டராக இருக்கட்டும், அல்லது மெரினோ கம்பளியாக (ஒருவகை ஆட்டின் மெல்லிய, உறுத்தாத ரோமம்) இருக்கட்டும். பாலியெஸ்டர் ஈரத்தைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை, வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும். மெரினோ நிறைய ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது, வியர்வை நாற்றமும் குறைவு. விலைதான் அதிகம். கையில் பழைய பாலியெஸ்டர் கிரிக்கெட் ஜெர்சி இருந்தால் இந்தக் குளிர்காலத்தை அதை வைத்தே ஓட்டிவிடலாம். தாராளமாகத் தொங்காமல் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு மேலே? 5 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு முழுக்கைச் சட்டையே பலருக்குப் போதும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். -10-ஐத் தாண்டினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோல் மேலெழும்பிய செயற்கைத் துணி). ஜாக்கெட்டுக்கு முன்பக்கம் ஜிப் இருப்பது முக்கியம். இரண்டு கிலோமீட்டர் ஓடியதும் அதை ஒரு சாண் இறக்கிவிடுங்கள், எதிர்க்காற்று வந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். நெஞ்சுக்குள் வரும் அந்தக் கொஞ்சம் காற்றுதான் வியர்வையைக் கட்டுக்குள் வைக்கும். தண்ணீரே புகாத மழைக்கோட்டு வேண்டியதில்லை. வெளி ஈரம் உள்ளே வராததுபோல உங்கள் வியர்வையும் எளிதில் வெளியே போகாது.

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. கனடா வானிலை அறிக்கையில் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும். அது காற்றுக்குளிர் (காற்று வீசும்போது தோல் உணரும் குளிரின் அளவு). வெப்பநிலை -10 இருக்க, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் தோலுக்கு அது -20 போல இருக்கும். ஒன்டாரியோ ஏரிக்கரையில் இப்படிக் காற்று அடிப்பது அபூர்வமில்லை. அதனால் போகும்போது எதிர்க்காற்றில் ஓடுங்கள், திரும்பும்போது காற்று முதுகில் படட்டும். மாற்றிச் செய்தால், வியர்த்து நனைந்திருக்கும் நேரத்தில் எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

முகம், காது, கை? உடம்பு குளிர்ந்தால் ரத்தம் முதலில் குறைவது ஓரங்களில்தான். ஆகவே நெஞ்சுக்கு ஒரு துணியைக் குறைத்து, அந்தக் கவனத்தை இவற்றுக்குக் கொடுங்கள். காதை முழுதாக மூடும் மெல்லிய குல்லா போதும். ஊரில் மார்கழிக்குப் போடும் கம்பளி மங்கி கேப் வியர்த்துக் கொட்டவைக்கும். கழுத்துக்குக் குழாய்போல ஒரு துணி கிடைக்கும். மூக்குவரை ஏற்றிவிட்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும். மூச்சில் வரும் ஈரம் அதிலே படிந்து விறைத்துப்போகும். துணியைச் சற்றுத் திருப்பிக் காய்ந்த பக்கத்தை மூக்குக்குக் கொண்டுவந்துகொள்ளலாம். கைக்கு, -10 வரை சாதாரணக் கையுறை சரி. அதற்குக் கீழே மிட்டன் (நான்கு விரலும் ஒரே பைக்குள் போகும் உறை) நல்லது. விரல்கள் ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்ளும்.

கால்கள் பிரச்சினை செய்வதில்லை. உழைப்பதே அவைதான். ஒரு டைட்ஸ் போதும். -15-க்குப் பக்கத்தில் அதன்மேல் காற்றுத்தடுப்பு பேன்ட். அந்த அளவுக் குளிரில் ஆண்கள் முன்பக்கம் காற்றைத் தடுக்கும் உள்ளாடையை வாங்கிவிடுவது நல்லது. கூச்சப்பட்டு இதை யாரும் சொல்வதில்லை, பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

காலுறை இரண்டு போடலாமா? ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் குளிரும். கொஞ்சம் தடித்த கம்பளிக் காலுறை ஒன்று போதும். குளிரைவிடத் தரைக்குத்தான் பயப்பட வேண்டும். கருப்பனி (தார்ச்சாலைமேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும் மெல்லிய ஐஸ்) அப்படியே வாரிவிடும். ஷூவுக்கு மேலே மாட்டும் ரப்பர் வலை, முள் வைத்தது, கடைகளில் கிடைக்கிறது. டிசம்பர் நடுவில் மாலை 4:40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால், ஒளி பட்டால் மின்னும் பட்டை வைத்த ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

பனிக்கடியை (தோலும் அதன் அடிப்பகுதியும் உறைந்துபோவது) எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் குத்தும், பிறகு மரத்துப்போகும். வலி நின்றுவிட்டதே என்று நிம்மதிப்படாதீர்கள், அதுதான் ஆபத்தான கட்டம். புத்தகங்களில் தோல் சிவந்து வெளுக்கும் என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் அது சாம்பல் பூத்ததுபோலவோ மெழுகுபோலவோ தெரியலாம். தேய்க்கக் கூடாது. உள்ளே வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோயால் பாதம் ஏற்கெனவே மரத்திருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கையே கிடைக்காது. அவர்களும், இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஈர உடுப்பைக் கழற்றுவது. ஓட்டம் நின்றதும் உடம்பு சூட்டை உண்டாக்குவது குறைந்துவிடும், ஈரம் அப்படியே இருக்கும். நண்பரோடு வாசலில் நின்று பேசுவதையெல்லாம் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்தினாலும் போகக் கூடாத நாள் உண்டா? உண்டு. காற்றுக்குளிர் -28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. அன்றைக்கு உங்கள் கட்டடத்தில் ட்ரெட்மில் இருந்தால் அதில் ஓடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் ஓய்வெடுங்கள்.