நிறுவனங்கள் மாறின, போட்டியின் பெயர் மாறவில்லை: மூணாறு தோட்ட அணிகளின் கதை

புதுதில்லி: நிறுவனங்கள் வளர்த்த கால்பந்து அணிகள், அந்த நிறுவனங்களின் ஆர்வம் குறைந்ததும் கலைந்துபோவது இந்தியாவில் வாடிக்கையாகிவிட்டது. 1996-97-இல் முதல் தேசிய கால்பந்து லீக் பட்டத்தை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. அணி 2011-இல் கலைக்கப்பட்டது. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே விடைபெற்றது. கேரளத்தில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த களமசேரி பிரிமியர் டயர்ஸ் அணி, இன்று பழைய ரசிகர்களின் நினைவில் மட்டுமே வாழ்கிறது.

இந்தப் பட்டியலில் சேராத அணிகள் சில, தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி மாவட்டத்தின் மூணாறு மலையில் இருக்கின்றன. அவை தேசிய லீக்கில் ஆடியதில்லை. தொலைக்காட்சியில் தோன்றுவதும் இல்லை. தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிவோர், தத்தம் எஸ்டேட் பெயரில் களமிறங்கும் அணிகள் அவை. 1940-களில் தொடங்கிய ஃபின்லே கால்பந்துப் போட்டி, முக்கால் நூற்றாண்டைக் கடந்தும் பழைய மூணாறு மைதானத்தில் நடந்து வருகிறது.

கங்காணி காட்டிய வழி

பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து 1877-இல் ஜே.டி. மன்றோ என்ற ஆங்கிலேயர் குத்தகைக்குப் பெற்ற மலைகளே பின்னாளில் கண்ணன் தேவன் தோட்டங்களாயின. கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபின்லே குழுமத்தின் ஆதரவில் 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. காட்டை அழித்துத் தேயிலை நடுவதற்கு ஆள்கள் தேவைப்பட்டனர். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் அவர்களை அழைத்து வந்தனர். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலையேறி வந்த குடும்பங்கள், 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டன.

துரைமார்களுக்கு ஹைரேஞ்ச் கிளப், டென்னிஸ், கோல்ஃப் எனத் தனி உலகம் இருந்தது. தொழிலாளர்களுக்குக் கிடைத்தது கால்பந்து. அதற்கு ஒரு பந்தும் சமதளமான சிறிது நிலமும் போதும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. காலையில் பெரட்டுக்களத்தில் ஒன்றாக வரிசையில் நின்றவர்கள், மாலையில் ஒரே அணியாக நின்றனர். எஸ்டேட் பெயரே அவர்களுக்கு ஊர்ப் பெயராகவும் ஆனது.

நான்கு பெயர்கள், ஒரே போட்டி

தோட்டங்களின் உரிமை அதன்பின் பலமுறை கைமாறியது. 1964-இல் டாடாவும் ஃபின்லேயும் கூட்டுச் சேர்ந்தன. 1976-இல் தோட்டங்கள் டாடா-ஃபின்லே வசமாயின. 1983-இல் ஃபின்லே முற்றிலுமாக விலக, நிறுவனம் டாடா டீ ஆனது. 2005-இல் தோட்டங்களை நடத்தும் பொறுப்பிலிருந்து டாடா டீ ஒதுங்கிக் கொள்ள, தொழிலாளர்களும் ஊழியர்களும் பங்குதாரர்களாகச் சேர்ந்த கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் (கே.டி.எச்.பி.) பொறுப்பேற்றது.

ஆனால் போட்டியின் பெயர் மட்டும் ஃபின்லே என்றே நீடிக்கிறது. மலையை விட்டுப் போய்விட்ட ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயரைத் தமிழ்த் தொழிலாளர்களின் பேரன்மார் இன்றும் உச்சரிப்பது விந்தைதான். இதற்குக் காரணம் விசுவாசம் அன்று. நிர்வாகம் மாறினாலும் அணிக்கு ஆள் தந்த லயங்கள் மாறவில்லை. மான்செஸ்டர் யுனைடெட் 1878-இல் ரயில்வே தொழிலாளர்களின் அணியாகத் தோன்றியது. வெஸ்ட் ஹாம் அணியின் வேர் லண்டனின் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் உள்ளது. அவை தொழிற்சாலையிலிருந்து பிரிந்து நகரத்தின் சொத்தாகின. மூணாறு அணிகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அங்கே வேலை, வீடு, மைதானம் மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கையில்.

'வந்து போகும்' மக்களா?

மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களையும், இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தையும் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர்கள் பெரும்பான்மையாக இருந்தும், அது தோட்ட வேலைக்கு வந்த மக்களால் ஏற்பட்ட நிலைமை என்ற வாதத்துக்கு 1955-இல் அறிக்கை அளித்த ஃபசல் அலி ஆணையம் இடம் கொடுத்தது. 1956 நவம்பர் 1-இல் அவ்வட்டங்கள் கேரளத்தில் நீடித்தன.

எல்லைப் பிரச்னை முடிந்துபோன ஒன்று. ஆயினும், வந்து போகிறவர்கள் எனக் கருதப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே எஸ்டேட்டின் பெயரில் ஒரே போட்டியில் ஆடி வந்திருக்கிறார்கள் என்பது அந்த வாதத்துக்கு மைதானம் அளிக்கும் பதிலாகும்.

ஆனாலும் அவர்களது இருப்பு உறுதியானதா என்றால், இல்லை. லயத்தில் குடியிருக்கும் உரிமை வேலையோடு பிணைந்தது. ஓய்வு பெற்றால், குடும்பத்தில் வேறு எவரும் தோட்ட வேலையில் இல்லாவிட்டால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் படித்து வெளியூர் வேலைக்குச் செல்வது நல்ல மாற்றமே. அதே வேளையில், அந்த மாற்றம் பெற்றோரின் வீட்டையும் எஸ்டேட் அணியின் அடுத்த வீரரையும் ஒருசேரப் பறிக்கிறது.

மைதானத்துக்கு வெளியே

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். கால்பந்தோ ஆண்களின் ஆட்டமாகவே இருந்து வந்துள்ளது. அப்பெண்களை நாடு கண்டது மைதானத்தில் அன்று, சாலையில்தான். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கோரி, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்து, 'பெண்கள் ஒற்றுமை' என்ற பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' அணி மூணாறை ஸ்தம்பிக்க வைத்தது. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் அக்கோரிக்கை ஏற்கப்பட்டது. ரூ.232-ஆக இருந்த தினக்கூலி பின்னர் ரூ.301 ஆனது.

2020 ஆகஸ்ட் 6 இரவு நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை அடித்துச் சென்றது. 70 பேர் பலியாகினர். அவர்களில் பலரது பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு வட்டாரம். பல தலைமுறை உழைப்புக்குப் பிறகும் சொந்த நிலமோ வீடோ இல்லாத நிலையை அந்தத் துயரம் தில்லிவரை எடுத்துச் சென்றது.

சலுகையா, உரிமையா?

நாடாளுமன்றம் 1951-இல் நிறைவேற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம், வீட்டுவசதியை உரிமையாளரின் கடமையாக்கியது. அதன் 13-ஆவது பிரிவு, தொழிலாளர்களுக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் பொழுதுபோக்கு வசதிகள் செய்து தர வேண்டும் என மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது. துரைமார் சலுகையாகத் தொடங்கிய ஒன்று இவ்வாறு சட்டத்தின் ஏட்டில் இடம்பெற்றது.

அந்தச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றிணைத்து, தொழிற்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் குறித்த தொகுப்புச் சட்டத்தை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. புதிய சட்டத்திலும் வீட்டுவசதி, பொழுதுபோக்கு வசதி ஆகிய சொற்கள் உள்ளன. எனினும், அவற்றின் விவரங்கள் மாநில அரசு வகுக்கும் விதிகளுக்கே விடப்பட்டுள்ளன.

2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நிலையில் மாநிலங்களவையில் நிறைவேறிய சட்டம் இது. எனவே, நாடாளுமன்றத்தில் நடக்காத விவாதம், விதிகள் வகுக்கப்படும் மாநிலத் தலைநகரிலாவது நடந்தாக வேண்டும். ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு வீடு உண்டா? லயங்களுக்கு அருகே விளையாட்டுத் திடல் உண்டா? அதில் பெண்களுக்கும் இடம் உண்டா? இக்கேள்விகளுக்கு விதிகளில் தெளிவான பதில் இருந்தால், மூணாறு எஸ்டேட் அணிகள் நிர்வாகத்தின் தயவின்றியும் நிற்கும். பதில் இல்லையெனில், நான்கு நிறுவனப் பெயர்களைத் தாண்டி நிலைத்த ஒரு போட்டி, ஆடுவதற்கு ஆளின்றி நின்றுபோகும் அபாயம் உள்ளது.