கார்ப்பெட்டில் எண்ணெய் கொட்டிவிட்டதா? பக்கெட்டைத் தூக்காதீர்கள்!

தீபாவளி விடியற்காலை. பேரனை ஹாலில் உட்கார வைத்து, தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார் பாட்டி. பையன் சும்மா இருப்பானா? தெருவில் வெடிச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்தான். கிண்ணம் உருண்டது. கார்ப்பெட்டில் அத்தனை எண்ணெயும்!

"ஐயோ, புது கார்ப்பெட் அத்தை!" என்று ஓடி வந்த மருமகள், ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீரைக் கொட்டி, பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்துவிட்டார். கறை போன மாதிரிதான் தெரிந்தது. வெளியே ஐப்பசி மழை. நாலு நாளாகியும் கார்ப்பெட் காயவில்லை. முதலில் ஈர வாடை, அப்புறம் சிக்கு வாடை. அதன் மேலேயே புரண்டு விளையாடிய பையனுக்கு ராத்திரியில் இளைப்பு! வீட்டில் எங்கேயாவது ஈரம் தங்குகிறதா என்று டாக்டர் கேட்ட பிறகுதான் அவர்களுக்குப் பொறி தட்டியது.

எங்கள் பக்கத்து வீட்டுக் கதை இது. பாதித் தப்பு எண்ணெயுடையது. மீதி அந்த பக்கெட் தண்ணீருடையது.

காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டுப் பட்டு எண்ணெய் சிதைகிறது. பழைய முறுக்கில் வருமே, அதே காறல்தான். நூலின் அடியில் எண்ணெய் தங்கியிருக்கும்வரை வாடை போகாது. ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நனைந்த கார்ப்பெட் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கலாம். பூஞ்சையும், ஈரப்பதத்தில் பெருகும் 'டஸ்ட் மைட்' என்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஜென்ம விரோதிகள்.

அப்படியானால் என்னதான் செய்வது?

தேங்கி நிற்கும் எண்ணெயை ஸ்பூனால் வழித்தெடுங்கள். பழைய வேட்டித் துணியை மடித்து மேலே வைத்து அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவி, சில மணி நேரம் விட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். இல்லாதவர்கள் மெதுவாகப் பெருக்கி எடுக்கலாம். வேண்டுமானால் இன்னொரு தடவை. கடலை மாவு வேண்டாம், எறும்புக்கு விருந்தாகிவிடும். முகப் பவுடர் கொட்டுவதும் நல்லதல்ல. அந்தத் தூள் கைக்குழந்தையின் மூச்சில் போனால் ஆபத்து.

இதற்குப் பிறகுதான் சோப்பு. பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு கால் டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர், அவ்வளவே! முதலில் கண்ணில் படாத மூலையில் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒற்ற வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் அழுக்கு வந்து ஒட்டும். கடைசியாக உலர்ந்த துணியால் அழுத்தி, கார்ப்பெட்டின் ஓரத்தை இரண்டு முக்காலிகளின் மேல் தூக்கி வைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் ஓட விடுங்கள். அடிப்பக்கமும் காய வேண்டுமே!

காய்ந்த பிறகும் லேசாக வாடை வருகிறதா? ராத்திரி மறுபடி ஆப்ப சோடா தூவிக் காலையில் எடுங்கள். காறல் வாடையில் அமில வகைகளும் உண்டு, சோடா அவற்றை மட்டுப்படுத்தும். தூசு பறக்கும், அந்த நேரம் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எல்லாம் வாடையை மூடத்தான் செய்யும். இளைப்பு உள்ள வீட்டில் அதுவும் ஒரு தொந்தரவு.

மண்ணெண்ணெய், பெட்ரோல் தொட்டுத் துடைக்கச் சொல்லும் யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். தீப்பிடிக்கும், ஆவியும் நெஞ்சுக்கு ஆகாது. கம்பளிக் கார்ப்பெட்டில் பிளீச் பட்டால் நூலே கரைந்துவிடும். பிளீச்சோடு டாய்லெட் ஆசிட் கலந்தாலோ, கிளம்புவது குளோரின் வாயு!

எல்லாம் செய்தும் வாடை திரும்பத் திரும்ப வந்தால், கார்ப்பெட்டைப் புரட்டிப் பாருங்கள். அடியில் பிசுபிசுப்பும் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால், விலையைப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடுவதே மேல். பக்கத்து வீட்டில் கடைசியில் அதைத்தான் செய்தார்கள். இப்போது ஹாலில் பவானி ஜமக்காளம். துவைத்து மாடியில் உலர்த்தினால் தீர்ந்தது. பாட்டி மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "பாத்ரூம்ல மணை போட்டு உட்கார வெச்சிருக்கணும்மா, என் தப்புதான்."