தனக்கென ஓர் உடை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்னும் பழமொழியை அறியாத மாணவர் இலர். ஆயின், அவ்வாடைப் பாதி யாருக்கு உரியது என்று வினவுவோர் மிகச் சிலரே. தந்தையார் வாங்கித் தந்தது, பாடசாலை விதித்தது, திரைப்படத்திற் கண்டது, தோழன் அணிந்தது எனப் பிறர் விருப்பங்கள் பலவற்றை நாம் நம் உடலின்மீது சுமந்து திரிகின்றோம். ஆடவன் ஒருவன் தனக்கே உரிய உடைமுறையை எவ்வாறு கண்டடைகின்றான் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். 'அலங்காரம் பெண்டிர்க்குரியது, ஆடவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு?' என நகைப்போரும் உளர். திருமண வீட்டிற்குப் புறப்படுமுன் அன்னோர் நிலைக்கண்ணாடியின் முன் எத்துணைப் பொழுது நிற்கின்றனர் என்பதை அவர்தம் இல்லத்தாரைக் கேட்டறிக.

யான் பிறந்து வளர்ந்தது கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலாகும். தோட்டத்தில் ஒருவனது தரத்தை அறிய அவனது வாயைத் திறக்கச் செய்ய வேண்டுவதில்லை, உடையே உரைத்துவிடும். வெள்ளைத் துரைமார் காலத்தில் கட்டைக் காற்சட்டையும் முழங்காலளவு நீண்ட காலுறையும் தொப்பியும் துரைக்குரியன. வேட்டிக்கு மேல் கோட்டும், தலையிற் பாகையும், கையிற் பிரம்பும் பெரிய கங்காணிக்குரியன. பால் வெட்டுவோர்க்கோ சாயம் வெளிறிய பழந்துணியே உரியது. இறப்பர்ப் பால் துணியிற் பட்டு உலர்ந்து கறுத்துவிடின் எச்சவர்க்காரமும் அதனை அகற்றாது. குளிர்நாட்டார்க்கென அமைந்த கோட்டினைக் கேகாலையின் புழுக்கத்தில் அணிந்து நடந்த கங்காணியை எண்ணி இன்று நாம் நகைத்தல் எளிது. ஆயினும், அவரது கோட்டு துரையிடமிருந்து பெற்ற அதிகாரத்தையும், தலைப்பாகை ஊரிலிருந்து கொணர்ந்த மதிப்பையும் குறித்தன. இரண்டினையும் ஒருங்கே அணிந்த அவர், இரண்டுள் எது தம்முடையது என எண்ணிப் பார்த்தாரோ என்பதே என் ஐயம்.

இவ்வையத்தை இந்நாட்டினரை நோக்கி உரத்த குரலில் எழுப்பியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்த அவர், 'இரவற் சிறகுகள்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பினையுடைய சிறுநூலொன்றை 1905 இல் கண்டியில் வெளியிட்டார். ஐரோப்பிய உடையை ஆராயாது மேற்கொள்ளும் வழக்கத்தை அவர் அதிற் கண்டித்தார். கண்டனம் தக்கதே. எனினும், இரவற் சிறகைக் களைந்த பின்னர் எதனை அணிவது? பாட்டனாரின் உடையைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்துக்கொள்வதும் ஒருவகையில் இரவல் வாங்குதலே அன்றோ?

இதற்கு விடை தேடுவோர் காந்தியடிகளின் வாழ்க்கையை நோக்குதல் நலம். அவரை நாம் அரையாடையுடனேயே பிறந்தவர் போலக் கருதிப் பழகிவிட்டோம். உண்மை அதுவன்று. 1888 இல் இலண்டன் சேர்ந்த பதினெட்டு அகவை இளைஞர், பம்பாயில் தைத்த உடை ஆங்கிலச் சமூகத்திற்கு ஏலாது என எண்ணிப் புதியன வாங்கினார். உயர்ந்த பட்டுத் தொப்பிக்குப் பத்தொன்பது ஷில்லிங். மாலை விருந்து உடைக்குப் பத்துப் பவுண். கழுத்துப் பட்டியைச் சீராக்கவும் தலை வகிடு எடுக்கவும் கண்ணாடியின் முன் நாள்தோறும் பத்து நிமிடம் செலவிட்டதைச் 'சத்திய சோதனை'யில் அவரே ஒளியாது எழுதியுள்ளார். அம்மயக்கம் ஏறத்தாழ மூன்று திங்களில் தெளிந்தது. ஆயின் உடையிற் கவனம் பல ஆண்டுகள் நீங்கவில்லை என்பதையும் அவர் ஒப்புக்கொள்கின்றார். மயக்கம் வேறு, கவனம் வேறு என்பதை மாணவர் ஈண்டு நுனித்தறிக.

1893 இல் தென்னாபிரிக்கா சென்றவர் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையுடன் அமர்ந்திருந்தார். அதனைக் களையுமாறு நீதிவான் பணித்தபோது மறுத்து வெளியேறினார். மறு ஆண்டு, வழக்கறிஞராகப் பதிவு பெற்றவிடத்துத் தலைமை நீதிபதி அவ்வாறே பணித்தபோதோ களைந்துவிட்டார். பெரும்போருக்காக வலிமையைச் சேமித்தல் வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். நண்பர் சிலர் இதனை ஏற்கவில்லை. எனக்கும் இளமையில் இது தளர்ச்சியாகவே தோன்றிற்று.

அதே 1894 ஆம் ஆண்டிலேயே பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி அவரிடம் வந்தார். ஒப்பந்தக் கூலியாகச் சென்ற அவரை முதலாளி அடித்திருந்தான். ஆடை கிழிந்து, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக நின்ற அந்நிலையிலும் அவர் தம் தலைத்துணியை அவிழ்த்துக் கையிற் பிடித்திருந்தார். வெள்ளையரைக் காணச் செல்லும் தொழிலாளி அவ்வாறு செய்தல் வேண்டும் என்பது அங்கு விதியாயிருந்தது. அவ்விதியை அவர் காந்தியடிகள் முன்னும் கைக்கொண்டார். காந்தியடிகள் அத்துணியை மீண்டும் தலையிற் கட்டிக்கொள்ளுமாறு கூறினார். தயக்கத்துடன் கட்டிக்கொண்டவரின் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியதைக் கண்டதாக எழுதியுள்ளார். மருத்துவரிடமும் நீதிவானிடமும் அழைத்துச் சென்றதும், வேறொரு முதலாளியிடம் மாற்றிவிட்டதும் அதன் பின்னர் நிகழ்ந்தவை.

இப்பகுதியை முதன்முறை வாசித்தபோது யான் நூலை மூடி வைத்துவிட்டேன். என் தந்தையார் முப்பதாண்டுகள் பால் வெட்டியவர். காலையில் தலையிற் கட்டும் துண்டு வேலை முடிந்ததும் தோளுக்கு வரும். தோட்டத்துக் கந்தோர்ப் படியை அணுகியதும் தோளினின்று இறங்கிக் கக்கத்துக்குச் செல்லும். யான் ஆசிரியனாகிய முதல் ஆண்டில், எனக்குச் சோறு கொண்டுவந்த அவர் நான் கற்பித்த பாடசாலையின் அலுவலக வாயிலில் நின்றார். துண்டு கக்கத்திலிருந்தது. யான் கழுத்துப் பட்டியும் பளபளத்த சப்பாத்தும் அணிந்து உள்ளே அமர்ந்திருந்தேன். "துண்டைத் தோளிற் போடுங்கள், அப்பா" எனக் கூற நா எழவில்லை. உடன் இருந்தோர் அவர் யார் எனக் கேட்டுவிடுவரோ என்றே அஞ்சினேன். அன்று யான் உடுத்தியிருந்தவற்றுள் எதுவும் எனக்குரியதன்று என்பதை உணரப் பல்லாண்டு சென்றது.

காந்தியடிகளின் உடை மேலும் மாறியது. 1913 இல் மூன்று பவுண் தலைவரிக்கு எதிராக எழுந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிறையினின்று மீண்ட அவர் டிசம்பர் மாதத்து டர்பன் கூட்டத்திற்கு ஒப்பந்தத் தொழிலாளியின் உடையில், மீசையை மழித்து வந்தார். பாலசுந்தரத்திற்குத் தலைத்துணியைக் கட்டச் சொன்னவர் பத்தொன்பது ஆண்டுகளின் பின் பாலசுந்தரத்தின் உடையையே உடுத்தார் எனலாம். 1915 இல் பம்பாயில் இறங்கியபோது கத்தியவார்த் தலைப்பாகையும் அங்கியும் அணிந்திருந்தார், அதுவும் நிலைக்கவில்லை. கதர் உடுத்துமாறு அவர் வேண்டியபோது, வாங்குதற்குப் பொருளில்லை என ஏழைகள் விடையிறுத்தனர். அவ்விடைக்கு மறுமொழியாகவே 1921 செப்டெம்பர் 22 ஆம் நாள், மதுரை மேலமாசி வீதி இல்லத்தில், அரையாடைக்கு மாறினார். அப்பொழுதும் அதனைச் சில வாரங்களுக்குரிய நோன்பாகவே முதலில் அறிவித்தார். வாரங்கள் வாழ்நாளாயின. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்ததும், 1931 இல் ஆங்கில மன்னரின் மாளிகைத் தேநீர் விருந்துக்குச் சென்றதும் அவ்வுடையிலேயே.

பட்டுத் தொப்பிக்கும் அரையாடைக்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டுகள் கிடக்கின்றன. அவர் கண்ணாடியை நோக்கி உடுத்த காலம் மூன்று திங்களே. எஞ்சிய காலமெல்லாம் எதிரே நின்ற மனிதரை நோக்கியே உடுத்தார். அரையாடையை நாமும் மேற்கொள்ளல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. அட்டைக்கடியும் அடைமழையுமுள்ள நம் மாவட்டத்தில் அஃது இயலாது. அவரைப் பார்த்து உடுத்துவதும் இரவலே. நீண்ட காற்சட்டை இன்று எவர்க்கும் அந்நியமன்று. கேகாலைச் சந்தையில் சிங்களரும் தமிழரும் சோனகரும் அதனையும் சாரத்தையும் ஒப்பவே அணிகின்றனர். கழுத்துப் பட்டியும் குற்றமுடையதன்று. யான் இன்றும் வகுப்புக்குக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமே அணிகின்றேன். நாள் முழுதும் கரும்பலகையருகே நிற்பவனுக்கு அவை ஏற்றன. கழுத்துப் பட்டியை மட்டும் விடுத்தேன். அதனை யான் அணிந்ததன் காரணம் எனக்குத் தெரியும்.

வெளிவாரிப் பட்டம் பெற்ற ஆண்டில் நடைபெற்ற பரிசளிப்பு விழாவுக்கு முதன்முறையாக வேட்டி உடுத்திச் சென்றேன். "யாருக்குக் கல்யாணம்?" என்றனர் உடனாசிரியர் இருவர். தந்தையாரையும் அழைத்துச் சென்றிருந்தேன். மண்டப வாயிலில் அவர் கை வழக்கம்போலத் தோளை நாடிற்று. "துண்டு இருக்கட்டும், அப்பா. தலையிலேயே கட்டிக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் என்னைச் சற்று நோக்கினார். "தலைப்பாகை கட்டினால் பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்கு மேடை தெரியாது" என்று கூறி, துண்டைத் தோளில் ஒழுங்காக விரித்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் வரிசையிற் சென்று அமர்ந்தார்.