இடது மூளை ஆட்டும் வலது கை!

டம்ளரை எடுக்கக் கை நீளுகிறது. விரல்கள் அதைப் பிடிக்கின்றன. இதற்கு உத்தரவு போட்டது யார்?

மூளை!

அதிலும் ஒரு வேடிக்கை. வலது கையை ஆட்டுவது இடது பக்க மூளை. இடது கையை ஆட்டுவது வலது பக்க மூளை.

பாதை மாறும் இடம்

மூளையின் மேற்பரப்பில், உச்சியில் இருந்து காதுப்பக்கம் வரை, பட்டை போல ஓர் இடம் இருக்கிறது. அதில் இருந்தும் அதன் அக்கம்பக்கத்தில் இருந்தும், ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் கீழே இறங்குகின்றன.

மூளையின் அடியில் உள்ளது முகுளம். அங்கே வந்ததும் பெரும்பாலான இழைகள் பக்கம் மாறிவிடுகின்றன! பிறகு, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தில் இறங்குகின்றன.

தண்டுவடத்தில் வேறு நரம்புகள் காத்திருக்கும். உத்தரவை வாங்கித் தசைக்குக் கொண்டு போவது அவற்றின் வேலை. பாதத்துக்குப் போகும் இழை ஏறக்குறைய 1 மீட்டர் நீளம். ஆனால் தலைமயிரைவிட மெல்லியது. அதில் செய்தி வினாடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

வீட்டில் நடந்த சோதனை

மின்சாரம் பாய்ச்சினாலும் மூளையின் மேற்பரப்பு அசைந்து கொடுக்காது என்று ஒரு காலத்தில் பெரிய பேராசிரியர்களே சொல்லி வந்தார்கள்.

1870-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பிரிட்ச், ஹிட்சிக் என்ற 2 டாக்டர்கள் அதைப் பொய்யாக்கினார்கள். பெர்லின் நகரில், ஹிட்சிக்கின் வீட்டிலேயே சோதனை நடந்தது. ஒரு நாயின் மூளையில் ஒரு பக்கம் லேசாக மின்சாரம் பாய்ச்சினார்கள். மறுபக்கக் கால் துடித்தது! (பாவம், நாய்!)

கனடாவில் மாண்ட்ரியல் நகர டாக்டர் பென்பீல்டு, மனிதர்களுக்கு மூளை ஆபரேஷன் செய்தபோது இதைப் பார்த்தார். நோயாளிகள் விழித்தே இருந்தார்கள். தலையின் தோல் மட்டும் மரத்துப்போக மருந்து. மூளைக்கு வலி தெரியாது. ஓர் இடத்தைத் தொட்டால் விரல் அசைந்தது. இன்னோர் இடத்தைத் தொட்டால் வாய் அசைந்தது. 1937-ல் அவர் வெளியிட்ட விவரப்படி, உடம்பு அங்கே தலைகீழாக இருக்கிறது. கால் உச்சியில், முகம் கீழே! கைக்கும் முகத்துக்கும் நிறைய இடம். அகலமான முதுகுக்கோ கொஞ்சம்தான்.

பாரிச வாயு

இந்தப் பாதைக்கு ரத்தம் கொண்டு வரும் குழாய் அடைத்துக்கொண்டாலும் வெடித்தாலும் வருவதுதான் பாரிச வாயு. வாய் ஒரு பக்கம் கோணும். ஒரு கை தூக்க வராது. பேச்சுக் குழறும்.

"படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் இருந்துவிடுபவர்கள் உண்டு. அதுதான் ஆபத்து. அடைப்பைக் கரைக்கும் மருந்தை, நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முந்தினால் இன்னும் நல்லது. ரத்தக் கசிவு என்றால் அதே மருந்து கெடுதல் செய்யும். அதனால் முதலில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்று டாக்டர் கேட்பார். நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உள்ளங்காலில் கோடு

டாக்டர் நோயாளியின் உள்ளங்காலில் கோடு போல் கீறிப் பார்ப்பதும் உண்டு. விளையாட்டு அல்ல! பாரீசில் இருந்த டாக்டர் பாபின்ஸ்கி 1896-ல் கண்டு சொன்ன வழி அது. பாதை நன்றாக இருந்தால் கட்டைவிரல் கீழே மடங்கும். கெட்டிருந்தால் பெரும்பாலும் மேலே எழும்.

கைக்குழந்தைக்கும் மேலேதான் எழும். பயப்பட வேண்டாம். நரம்பு இழைகளைச் சுற்றிய கொழுப்பு உறை அதற்கு இன்னும் முழுதாக வளரவில்லை. நடை பழகி ஓடித் திரியும் வயதில் விரல் கீழே மடங்கத் தொடங்கிவிடும்.