லுங்கி எப்படி 'வெளியாள்' ஆனது? மும்பையில் ஒரு துணிக்கு அர்த்தம் ஒட்டிய கதை

2026 ஜனவரி. மும்பை மாநகராட்சித் தேர்தலுக்கு நாலு நாள்தான் பாக்கி. சிவாஜி பார்க் மேடையில் ராஜ் தாக்கரே, தமிழ்நாட்டிலிருந்து பிரசாரத்துக்கு வந்திருந்த பாஜகவின் அண்ணாமலையைக் கேலி செய்தார். கூடவே ஒரு பழைய முழக்கமும் வந்தது: "ஹடாவ் லுங்கி, பஜாவ் புங்கி." லுங்கியை விரட்டு, மகுடியை ஊது.

சென்னையிலிருந்து வந்து பவாயில் ஐடி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அன்று ராத்திரி எனக்கு மெசேஜ் போட்டார். "புரியல. லுங்கிக்கும் மாநகராட்சிக்கும் என்ன சம்பந்தம்?"

நான் செம்பூரில் வளர்ந்தவள். எனக்கு அந்தச் சம்பந்தம் அரசியலில் இருந்து தெரியவில்லை, அப்பாவிடம் இருந்துதான் தெரியும். 1978-ல் ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்தவர். ஆபீஸிலிருந்து வந்ததும் பேன்ட்டைக் கழற்றி கைலிக்கு மாறுவார். ஆனால் கீழே இறங்கி பால் பாக்கெட் வாங்கணும்னா மறுபடி பேன்ட். ரெண்டு மாடி, அஞ்சு நிமிஷ வேலை. ஏன் என்று கேட்டால், "இங்க அப்படித்தான்" என்பார். அவரை யாரும் அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. வந்த புதிதில் மாடுங்காவில் ஒரே அறையில் தங்கியிருந்த மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது.

ஒரு துணி எப்படி ஒரு பயத்தைச் சுமக்கிறது? பத்தாம் வகுப்பில் படித்த இலக்கணத்திலேயே இதற்குப் பாதி பதில் இருக்கிறது.

ஆகுபெயர் ஞாபகம் இருக்கா?

"ஊர் சிரித்தது" என்றால் சிரித்தது ஊர் இல்லை, ஊரில் உள்ள மக்கள். "வெற்றிலை நட்டான்" என்றால் நட்டது இலையை இல்லை, கொடியை. ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது ஆகுபெயர். பேச்சில் இதை நாம் தினமும் செய்கிறோம். "காக்கிச்சட்டை வந்தாச்சு" என்றால் போலீஸ். "வெள்ளை வேட்டிகள் மேடையேறின" என்றால் கட்சிக்காரர்கள்.

பொருள்கள் கருத்துகளைக் குறிக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான். முதலில் வெறும் பக்கத்துத் தொடர்பு: இவர்கள் இதை உடுத்துகிறார்கள், அவ்வளவே. அதைத் திரும்பத் திரும்பக் காட்டினால், ஒரு கட்டத்தில் ஆள் இல்லாமல் பொருள் மட்டுமே போதும் என்று ஆகிவிடும். 2014-ல் வந்த தூய்மை இந்தியா சின்னத்தில் காந்தி கிடையாது, அவர் கண்ணாடி மட்டும்தான். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ் குறிகளை மூன்றாகப் பிரித்தார். ஒன்று உருவ ஒற்றுமையால் குறிப்பது, போட்டோ மாதிரி. இன்னொன்று நிஜத் தொடர்பால் குறிப்பது, புகை நெருப்பைக் காட்டுவது மாதிரி. மூன்றாவது வெறும் வழக்கத்தால் குறிப்பது. லுங்கி இரண்டாவது வகையில் ஆரம்பித்து மூன்றாவதுக்குப் போனது. அந்தப் பயணம் தானாக நடக்கவில்லை.

பேன்ட் போட்டவர்களை ஏன் லுங்கி என்றார்கள்?

1960-ல் பால் தாக்கரே 'மார்மிக்' என்ற மராத்தி கார்ட்டூன் வார இதழைத் தொடங்கினார். சிவசேனா பிறந்தது 1966 ஜூன் 19. இடையில் மார்மிக்கில் ஒரு பகுதி வந்தது, தலைப்பின் பொருள் "படித்துவிட்டு சும்மா இருங்கள்". உள்ளே இருந்தது பெயர்ப் பட்டியல்: பம்பாய் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்கள், டெலிபோன் டைரக்டரி போன்றவற்றிலிருந்து எடுத்தவை. பின்னால் தலைப்பே மாறி "படித்துவிட்டு எழுந்திருங்கள்" என்று ஆனது.

டேட்டா ஜர்னலிஸ்டாக இந்தப் பட்டியலைப் பார்த்தால் எனக்கு எரிச்சலும் வரும், அதன் சாமர்த்தியமும் தெரியும். பெயர்கள் எல்லாம் உண்மை. இல்லாதது மொத்த எண்ணிக்கை. எத்தனை பேரில் இத்தனை பேர்? 1961 கணக்கெடுப்பில் பம்பாயில் மராத்தி பேசியவர்கள் சுமார் 43 சதவீதம். நாலு தென்னிந்திய மொழிகளையும் சேர்த்தாலும் 10 சதவீதத்தைத் தொடாது. குஜராத்தி பேசியவர்கள் அதைவிட அதிகம்.

அப்படியானால் குறி ஏன் நம்மேல்? கோபத்துக்குப் பின்னால் ஒரு நிஜம் இருந்தது, அதை மறைத்துச் சொன்னால் இந்தக் கதை புரியாது. இங்கிலீஷ், டைப்பிங், சுருக்கெழுத்து தெரிந்த தென்னிந்தியர்கள் குமாஸ்தா வேலைகளில் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாக இருந்தார்கள். படித்து முடித்த மராத்தி இளைஞன் வேலை கேட்டுப் போன கவுன்டரில் உட்கார்ந்திருந்தது ஐயரோ நாயரோ ஷெட்டியோ. குஜராத்தி முதலாளி அவனுக்குப் போட்டி இல்லை. இந்த குமாஸ்தா போட்டி.

இங்கேதான் விசித்திரம். அந்த குமாஸ்தா ஆபீஸுக்கு லுங்கியில் போனதில்லை. பேன்ட், சட்டை, கையில் டிபன் பாக்ஸ், மராத்தி கிளார்க் மாதிரியேதான். பேன்ட்டை வைத்து யாரையும் தனியாகப் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்ட ஒரு பொருள் வேண்டும். லுங்கி தெருவில் தெரிந்தது: உடுப்பி ஓட்டல் ஊழியர்மேல், 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தாராவித் தோல் பதனிடும் கூடங்களுக்கு வந்த திருநெல்வேலிக்காரர்மேல். வேலைப் போட்டி ஒருத்தரோடு, படம் இன்னொருத்தருடையது. 60-களின் பிற்பகுதியில் தாக்கப்பட்டவற்றில் உடுப்பி ஓட்டல்கள் முக்கியமானவை. அவற்றின் உரிமையாளர்கள் பலர் துளுவும் கன்னடமும் பேசுகிறவர்கள். 'மதராஸி' என்ற ஒரே மூட்டையில் இந்த வித்தியாசம் எல்லாம் காணாமல் போனது.

அப்புறம் எதுகை. புங்கி என்பது பாம்பாட்டியின் மகுடி. லுங்கியோடு ஒலி பொருந்துவதைத் தவிர அதற்கு அங்கே பெரிய வேலை இல்லை. நாம் வீட்டில் லுங்கி என்பதைவிட கைலி என்போம், நெல்லைப் பக்கம் சாரம் என்பார்கள். முழக்கத்துக்கு வேட்டி தேவைப்படவில்லை, சாரம் தேவைப்படவில்லை. வாயில் உருளும் ஒரு சொல்தான் தேவைப்பட்டது.

ஒரே ஆபீஸ், இரண்டு கார்ட்டூனிஸ்டுகள்

மார்மிக்குக்கு முன்னால் பால் தாக்கரே ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் கார்ட்டூனிஸ்ட். அங்கே அவரோடு வேலை பார்த்தவர் மைசூரிலிருந்து வந்த ஆர்.கே. லக்ஷ்மண். பின்னால் டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்குப் போன லக்ஷ்மண் உருவாக்கிய 'காமன் மேன்' என்ன உடுத்தியிருக்கிறார் தெரியுமா? கட்டம் போட்ட கோட்டு, கீழே வேட்டி. அந்த வேட்டிக்கு இந்தியாவின் எந்த சாமானியனும் பொருத்தம். வர்லி கடற்கரைச் சாலையில் அவருக்குச் சிலையே இருக்கிறது.

கார்ட்டூன் வரைகிறவருக்கு ஒரு நொடிதான் கிடைக்கும். அதற்குள் 'இது யார்' என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் உடை. ஒருவர் இடுப்புத் துணியை வைத்து 'எல்லோரும்' என்றார், இன்னொருவர் 'நாம் இல்லாதவர்' என்றார். அர்த்தம் துணிக்குள் நெய்யப்பட்டு வருவதில்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தூரத்து உதாரணமும் உண்டு. நம்மூர்க் கைலியில் இருக்கும் அதே மெட்ராஸ் கட்டம் 1958 வாக்கில் அமெரிக்காவுக்குப் போனது. ஏற்றுமதி செய்தவர் பின்னாளில் மும்பையில் லீலா ஓட்டலைத் தொடங்கிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர். சலவையில் சாயம் போனது, வாங்கியவர்கள் கொதித்தார்கள், வழக்கு வரும் நிலை. கடைசியில் 'சாயம் போகும், அதற்கு கேரண்டி' என்றே விளம்பரம் செய்து அதை ஸ்டைலாக்கிவிட்டார்கள் என்பது நாயரே பல முறை சொன்ன கதை. அமெரிக்கப் பணக்காரக் கல்லூரிப் பையன்களின் அடையாளமாக மெட்ராஸ் சட்டை ஆன அதே பத்தாண்டில்தான், பம்பாயில் 'ஹடாவ் லுங்கி'. நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் வாழும் கலபாரி மக்களுக்கோ இந்தக் கட்டத் துணி குடும்பச் சொத்து. குழந்தை பிறந்த சடங்கிலும் இறுதிச் சடங்கிலும் அதற்கு இடம் உண்டு.

அர்த்தத்தை மாற்ற முடியுமா?

வாதம் செய்து மாற்றியதாக எனக்குத் தெரிந்து எங்கேயும் இல்லை. "லுங்கி வங்காளத்திலும் இருக்கிறது, மியான்மரிலும் இருக்கிறது" என்று நூறு தடவை சொல்லலாம், முழக்கம் அசையாது. அதே பொருளை வேறு ஆள் வேறு இடத்தில் திரும்பத் திரும்பக் காட்டும்போதுதான் கொஞ்சம் நகர்கிறது.

சினிமா அதைச் செய்தது. 2013-ல் 'சென்னை எக்ஸ்பிரஸ்' படத்தில் ஷாருக் கான் ஆடிய பிறகு, வட இந்தியக் கல்யாணங்களில் லுங்கியை மடித்துக் கட்டி ஆடினார்கள். கேலி வேடிக்கையானது, மரியாதை ஆகவில்லை. மரியாதையைக் கேட்டது 2018-ல் வந்த பா. ரஞ்சித்தின் 'காலா'. கதை தாராவியில், நாயகன் நெல்லையிலிருந்து வந்தவன், உடுத்துவது கறுப்பு. எதிரில் நிற்பவர் மும்பை அரசியல்வாதி, வெள்ளை உடையில். வெள்ளை என்றால் தூய்மை, கறுப்பு என்றால் அழுக்கு என்ற பழைய கணக்கைப் படம் நேராகவே தலைகீழாக்கியது. திராவிடர் கழகத்தின் கறுப்புச் சட்டை தெரிந்த தமிழ் ரசிகருக்கு அதில் இன்னொரு அடுக்கும் உண்டு.

அரசியலும் கணக்குப் போட்டது. 2019-ல் வர்லி தொகுதியில் நின்ற ஆதித்ய தாக்கரேவுக்குக் குஜராத்தி உட்படப் பல மொழிகளில் போஸ்டர்கள். அவர் வேட்டி கட்டி ஓட்டு கேட்ட படத்தைப் பகிர்ந்தவர்கள் தாத்தாவின் முழக்கத்தை நினைவூட்டினார்கள். ஏழு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அதே குடும்பத்தின் இன்னொருவர் வாயிலிருந்து அதே முழக்கம். அர்த்தங்கள் அழிவதில்லை, மடித்து அலமாரியில் இருக்கும். எடுத்தால் மடிப்புகூட மாறியிருக்காது.

நம் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. 2014-ல் சென்னை சேப்பாக்கத்தில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. தமிழகமே கொதித்தது, அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச் சட்டம் கொண்டு வந்தது. சரியான சட்டம்தான். ஆனால் அந்தக் கொதிப்பு முழுக்க வேட்டிக்கு. லுங்கிக்காக எந்த மேடையும் பேசியதாக நினைவில்லை. வெள்ளை வேட்டி பண்பாடு, கட்டம் போட்ட கைலி வீட்டுக்குள், அல்லது உழைக்கிறவன் இடுப்பில். மாடுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் ரயில் பாதை மட்டும் இல்லை, இந்தக் கோடும் ஓடுகிறது. வெளியிலிருந்து வந்த முழக்கம் இரண்டையும் ஒன்றாக்கியது. உள்ளே நாம் இன்னும் பிரித்தே வைத்திருக்கிறோம்.

ஜனவரி 15, வாக்குப்பதிவு. அன்றுதான் பொங்கலும். அப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பூத்துக்குப் போக வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார், ஜரிகைக் கரை போட்டது. சிவாஜி பார்க் பேச்சை அவரும் டிவியில் பார்த்திருந்தார்.

"அந்தாளுக்குப் பதில் சொல்றதுன்னா கைலிலதானே போகணும்பா?" என்றேன்.

"கைலியிலயா? நாலு பேர் பாக்கமாட்டாங்களா?" என்று செருப்பைத் தேடப் போனார்.