மணல்மேட்டுக்குக் கூட்டம் சேர்த்த வரைபடம்

நிஜ இடங்களில் நடந்து திரிந்து போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் போன் விளையாட்டான போக்கிமான் கோ, 2016 ஜூலையில் ஜப்பானுக்கு வந்தது. போனில் கண் வைத்தபடி சாலையில் நடப்பவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று ஊர் ஊராகக் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாகாணமான தொத்தோரியின் ஆளுநர் ஷின்ஜி ஹிராய், கடலோரம் சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கும் மணற்குன்றுகளை ஸ்மார்ட்போன் விளையாட்டுக்குத் தடையற்ற இடமாக அறிவித்தார். மணலில் கார் வராது. முட்டிக்கொள்ள மின்கம்பமும் கிடையாது.

ஜி.பி.எஸ்.ஸுக்கும் அது ஏற்ற இடம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் நேரத்தை ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை வைத்தே போன் தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் ஒரு மைக்ரோவினாடி பிசகினால், தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். நகரத்திலோ சிக்னல் உயரமான கட்டடங்களில் பட்டுச் சுற்றி வரும். நாம் ஒரு தெருவில் நிற்க, போனில் உள்ள புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். மணல்மேட்டில் வானம் முழுக்கத் திறந்திருக்கிறது.

2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. 100 மீட்டர் வரை இடம் தவறும். அந்தப் பிழையை நிறுத்தியிராவிட்டால் இப்படி ஒரு விளையாட்டைக் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது.

2017 நவம்பரில் அதே மணலில் மூன்று நாள் போக்கிமான் விழா நடந்தது. வழக்கமாக ஐரோப்பாவில் மட்டுமே சிக்கும் மிஸ்டர் மைம் என்ற போக்கிமான் அந்த நாட்களில் அங்கேயும் சிக்கியது. குறிப்பிட்ட அட்சரேகை, தீர்க்கரேகைக்குள் எது தோன்ற வேண்டும் என்று சர்வரில் செய்த மாற்றம்தான். 80,000 பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள், சாலைகள் திணறின.

விளையாட்டின் வரைபடத்தில் ஆட்டக்காரர்கள் தேடிப் போகும், இவ்வளவு வலிமை உள்ள புள்ளிகளை யார் வைக்கிறார்கள்? முதலில் வைத்தது ஊர் அல்ல. விளையாட்டை உருவாக்கிய நியான்டிக், தன் முந்தைய விளையாட்டான இன்க்ரெஸ்ஸை ஆடியவர்கள் படத்தோடு பரிந்துரைத்த சிலைகளையும் கோயில்களையும் சுவரோவியங்களையும் அப்படியே பயன்படுத்திக்கொண்டது. விளைவாக, ஹிரோஷிமா அமைதிப் பூங்காவிலும் போக்கிமான் வேட்டை நடந்தது. ஆகஸ்ட் 6 நினைவு நாளுக்கு முன் நீக்குங்கள் என்று மாநகராட்சி கேட்ட பிறகே புள்ளிகள் எடுக்கப்பட்டன. அணுகுண்டில் மாண்டவர்களை நினைக்கும் இடத்தில் அவை இருந்ததே தவறு. தன் மண்ணில் எங்கே விளையாடலாம் என்று சொல்லும் உரிமை அந்த ஊருக்கு இருக்க வேண்டும்.

அந்த உரிமையை அழகாகப் பயன்படுத்திய முயற்சி என்று நான் கருதுவது பாதாளச் சாக்கடை மூடிகளைத்தான். 2018-ல் ககோஷிமா மாகாணத்தின் இபுசுகி நகரில் போக்கிமான் வரைந்த வண்ண மூடிகள் பதிக்கப்பட்டன. பிறகு நாடு முழுக்கப் பரவின. ஒரு மூடியின் படம் இன்னொன்றில் வராது. பல மூடிகள் விளையாட்டின் வரைபடத்திலும் புள்ளிகளாக இருக்கின்றன. மியாகி மாகாணத்துக்கு லாப்ராஸ் என்ற கடல் போக்கிமான். 2011 சுனாமி சிதைத்த இஷினோமாக்கியிலும் அதன் மூடி உண்டு. அந்தப் புள்ளி பயன் தர வேண்டுமென்றால் போன் அதற்குச் சில பத்து மீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே ரயிலேறி அந்த ஊருக்கே வருகிறார்கள். வந்தவர்கள் அங்கேயே சாப்பிடுகிறார்கள், தங்குகிறார்கள்.